உள்ளே வந்த கால்

ஆர்ச் கேட்டுக்கு வெளியே, பழைய இரும்புக் கடையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்கு அந்தக் கோடையில் வந்த கூட்டம் தண்ணீர் லாரிக்குக்கூட வந்ததில்லை. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனார்கள். நைட் ஷிஃப்ட்காரர்கள் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பூமியைப் பிளந்து கரி எடுத்து, ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற நெய்வேலி இது. தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று பார்க்க மட்டும் அதற்கு ஒரு சாமியார் தேவைப்பட்டார்.

சாமியாருக்குப் பெயர் அடிச்சுவட்டுச் சித்தர். ரேஷன் கார்டில் கொளஞ்சிநாதன். கையைப் பார்த்துச் சொல்கிறவர்கள், கிளியைக் கேட்டுச் சொல்கிறவர்கள் எல்லாம் நாட்டில் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால், இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

தரையில் பார்க்க விஷயம் இருந்தது. டவுன்ஷிப்பில் சிமெண்ட் தரைக்கு வயதாகிவிட்டது. டைல்ஸ் போடலாமென்றால் குவார்ட்டர்ஸ் நம்முடையதல்ல, ரிடையர் ஆனால் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதனால் பொங்கல் சமயத்தில் வேனில் மைக் கட்டி ஒருவன் வினைல் ஷீட் விற்றுக்கொண்டு வந்தபோது, பிளாக் முழுக்க வாங்கி விரித்தது. மரப்பலகை போட்ட மாதிரி டிசைன். காலி பண்ணும்போது சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். பங்குனி பிறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கதவுக்குப் பின்னால், அந்த ஷீட்டின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடிக் கால்தடம் தெரிய ஆரம்பித்தது.

எல்லாமே உள்நோக்கி வந்த கால். வெளியே போன கால் ஒரு வீட்டிலும் இல்லை. இதைச் சொல்லும்போது சித்தர் குரலைத் தாழ்த்துவார். கேட்டவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

பொற்கொடிக்கு முதுகு சில்லிடவில்லை, வலித்தது. குனிந்து தேய்த்தது அவள்தானே. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அந்த பிளாக்கில் ஒரு வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சோப்புத்தூள் போட்டாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தாள். கடைசியில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். ஷீட்டின் பளபளப்பு போனது, மர டிசைன் வெளுத்தது, அவள் உள்ளங்கைத் தோல் உரிந்தது. தடம் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

மாமியார் தனம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொல்லாத பொம்பளை இல்லை, பயந்த பொம்பளை. புருஷன் இறந்த பிறகு அவர் வேலை அவளுக்கு வந்தது, குவார்ட்டர்ஸும் அதனால்தான் கைவிட்டுப் போகாமல் நின்றது. அடுத்த வருஷம் ரிடையர்மெண்ட். மகன் அறிவுச்செல்வன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. அவள் வெளியே வருவதற்குள் அவன் பர்மனென்ட் ஆகாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும். இந்தக் கவலையோடுதான் அவள் சித்தரை வீட்டுக்கு அழைத்தாள். பயந்தவர்கள் வீட்டு வாசலை இந்தச் சாமியார்கள் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சித்தர் கால்தடத்தின் முன் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தார். பிறகு பொற்கொடியை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண் வலதுகால் எடுத்து வைத்து வந்த அன்றே இதுவும் கூடவே வந்துவிட்டது, பையனுக்கு வரவேண்டிய பர்மனென்ட்டை இதுதான் வாசலில் நின்று மறிக்கிறது என்றார்.

பேய்க்குக் கால் கிடையாது என்பது நமக்கெல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரியும். இந்தப் பேய்க்குக் கால் இருந்தது. ஆனால் விரல் இல்லை. பொற்கொடி அடக்கமாகத் தன் காலைத் தூக்கித் தடத்தின்மேல் வைத்துக் காட்டினாள். அது ஒன்பதாம் நம்பர் கால், அவளுடையது ஐந்து.

“எங் காலு இத்தினி பெருசா சாமி?”

“தோஷம் தரையில் இறங்கும்போது விரியும் தாயே,” என்றார் சித்தர். விரல் எங்கே என்று அவள் அடுத்துக் கேட்பதற்குள் தனம் அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டாள்.

பரிகாரம் எளிமையானது. மந்திரித்த கறுப்புக் கால்மிதி ஒன்று. கனமான ரப்பர். தடத்தின்மேல் அதைப் போட்டு ஒரு மண்டலத்துக்கு எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. விலை என்று சித்தர் வாயால் சொல்ல மாட்டார், உண்டியலைப் பார்ப்பார். அதுவரை மருமகள் கால் அந்த ஷீட்டில் படக்கூடாது. மண்டலம் முடிந்தும் தடம் போகாவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

அறிவுச்செல்வன் பக்கத்திலேயே நின்றான். பெயர் வைத்த தகப்பன் நம்பிக்கைக்காரர். வருஷக்கணக்காகப் பெல்ட்டில் கை வைத்து வேலை செய்கிறவன், ஆயுள் முடிந்த கன்வேயர் பெல்ட்டைச் சதுரமாக வெட்டி மந்திரித்துக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்றிலிருந்து பொற்கொடி சமையலறைச் சிமெண்ட் தரையில் இருந்தாள், அங்கேயே படுத்தாள். ஷீட்டைத் துடைக்கிற வேலை மட்டும் அவளுக்கே இருந்தது. துடைக்கும்போது தோஷமில்லையாம். ஈரத்துணியோடு முட்டி போட்டுப் போகும்போது அவளுக்கு அழுகை வரும், துணியைப் பிழிகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள்.

பக்கத்து வீட்டுத் திலகவதிக்கு மண்டலம் முன்னதாகவே முடிந்தது. கால்மிதியை எடுத்தார்கள். கால்தடம் இருந்த இடத்தில் இப்போது மிதியளவுக்கு ஒரு பழுப்புச் சதுரம். சித்தர் ஓடி வந்து பார்த்துப் பரவசப்பட்டார். ஆவி கட்டத்துக்குள் சிக்கிவிட்டது, இனி இதைவிடப் பெரிய மிதி போட்டு அமுக்க வேண்டும் என்றார். போட்டார்கள். நோயைக் கொடுக்கிற மருந்தை இரண்டு மடங்காகக் கொடுக்கிற வைத்தியம் இது. அதற்கும் வரிசையில் நின்றார்கள்.

பொற்கொடி ஜன்னல் வழியாக அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். மிதியின் ஓரத்தில் இருந்த வெட்டுப் பிசிறுகூட அப்படியே விழுந்திருந்தது. பரணில் ஷீட்டின் மிச்சத்துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பின்பக்கம் வெயிலில் விரித்தாள். ஒரு ஓரத்தில் புருஷனின் பழைய மைன்ஸ் ஷூ, நடுவில் கொட்டகையை ஒட்டிய இரும்புக் கடையில் கேட்டு வாங்கிய, மிதியைப் போலவே இருந்த பெல்ட் துண்டு, இன்னொரு ஓரத்தில் மடித்த பழம்புடவை. ஒவ்வொன்றின்மேலும் ஒரு செங்கல். கத்திரி வெயில் காய்ந்து முடித்தபோது செங்கல்லை எடுத்தாள். ஷூவும் பெல்ட்டும் இருந்த இடம் பழுத்திருந்தது. புடவை இருந்த இடம் புதுசாகவே இருந்தது.

எல்லாம் விளங்கியது. ஷூவின் அடியும் ரப்பர், மிதியும் ரப்பர், ரப்பர் கிடந்த இடத்தில்தான் ஷீட் பழுக்கிறது. வராந்தாவில் விட்ட ஷூவைத் தெருநாய்கள் இழுத்துக்கொண்டு போவதால், பிளாக்கில் எல்லா ஆண்களும் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால்தான் கழற்றுகிறார்கள். உள்நோக்கிய கால் அதனால்தான். வெளியே போகிறவன் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு போகிறான், தடம் எங்கிருந்து வரும்? ஷூ இருக்கும்போது தடம் தெரியாது. தடம் தெரியும்போது ஷூ மைன்ஸுக்குப் போயிருக்கும். தடத்தைக் கண்டு பயந்ததும் ஷூவைக் கட்டிலடிக்கு மாற்றிவிட்டார்கள், பேய் மட்டும் தனியாக நின்றது.

ஓடிப்போய் மாமியாரைக் கூட்டி வந்து காட்டினாள். தனம் குனிந்து பார்த்தாள்.

“நீ வச்சதுதானே,” என்றாள். “உங் கை பட்டா அப்பிடித்தான் ஆவும்.”

கறை எங்கே வந்தாலும் காரணம் அவள்தான் என்று முடிவு செய்தாகிவிட்டது. அவள் கையும் காலும் படாத இடத்தில் காட்டினால்தான் உண்டு. அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். யோசித்ததும் சிரிப்பு வந்தது, வெகுநாளைக்குப் பிறகு.

மண்டலம் முடிந்தது. மிதியை எடுத்தார்கள். சதுரம். தனம் மருமகளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். பஸ் ஏற்றுவதற்கு முன் சித்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். அறிவுச்செல்வன் பையைச் சுமந்துகொண்டு தரையைப் பார்த்தபடி வந்தான். வெள்ளிக்கிழமை, கொட்டகை நிரம்பியிருந்தது.

சித்தரின் ஆசனத்தைச் சுற்றி யாரோ பக்தர் காணிக்கையாகப் போட்ட அதே வினைல் ஷீட். பெண்கள் அதில் கால் வைக்கக் கூடாது. ஆசனத்துக்கு முன்னால், மாலை சுற்றி வைத்த அவருடைய ரப்பர் செருப்புகள். அவை மாதக்கணக்காக அதே இடத்தில் இருந்து அருள்பாலித்தன.

பொற்கொடி ஷீட்டுக்கு வெளியே நின்று கைகூப்பினாள்.

“சாமி, எங் காலு படாத எடத்துல இந்தத் தடம் வருமா?”

“வராது தாயே. இந்தக் கொட்டகை என் மந்திரக்கட்டில் இருக்கிறது. எந்தத் தடமும் இங்கே நுழையாது.”

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க சாமி.”

சித்தர் இன்னும் உரக்கச் சொன்னார். கூட்டம் சிலிர்த்துக் கும்பிட்டது. பொற்கொடி மாமியார் பக்கம் திரும்பினாள்.

“அத்த, நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, என் கண்ணு முன்னால சாமி பாதுகைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கங்க. நான் தொடல.”

சித்தர் தடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் தனம் எட்டி, பக்தியோடு செருப்புகளைத் தூக்கிவிட்டாள். கண்ணில் ஒற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

ஷீட்டின்மேல் ஒரு ஜோடிக் கால்தடம். பழுப்பு. விரல் இல்லை.

அறிவுச்செல்வன் பையைக் கீழே வைத்தான். அந்தக் கோடையில் அவன் செய்த முதல் காரியம் அது. ஆசனத்தடியில் விரித்திருந்த பெரிய மிதியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். சித்தர் ஆசனத்தோடு சாய்ந்தார். கீழே, பிசிறு உட்பட, ஒரு பெரிய சதுரம்.

“இது நம்ம பெல்ட்டும்மா,” என்றான் மெதுவாக. “தெனம் தொடறேன், தெரியாமப் போச்சு.”

தனம் செருப்புகளைக் கையில் பிடித்தபடி சித்தரைப் பார்த்தாள். சித்தர் கட்டைப் பிரம்மச்சாரி.

“ஏன் சாமி, உங்க வூட்டுக்கு எந்த மருமவ வந்தா?”

முதலில் சிரித்தது திலகவதி. பிறகு கொட்டகையே சிரித்தது. ஆவி தன்னைச் சோதிக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போன சித்தர், பொற்கொடி ஏறவேண்டிய அதே குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் வெறுங்காலோடு ஏறிப்போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தனம் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று, “உள்ள வாம்மா,” என்றாள். பொற்கொடி ஷீட்டின்மேல் நன்றாக அழுத்திக் கால் வைத்து நடந்தாள்.

பர்மனென்ட் இன்னும் வரவில்லை. பேய் போனதும் வருவதற்கு, அதைப் பேய் பிடித்து வைத்திருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இப்போது பழம்புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் ஷூவை வைக்கிறார்கள். கறை அப்படியே இருக்கிறது. ரப்பர் ஏறிய கறை எதற்கும் போகாது.

சித்தர் ஓடிய அன்று கொட்டகையில் இன்னொன்றும் நடந்தது. அவர் விட்டுப்போன செருப்புகளைப் பூஜை அறையில் வைக்கத் தரமுடியுமா என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். படித்தவர்கள்தான். தாராளமாகக் கொண்டு போகட்டும். தரையில் விழுந்த கறையைத் தேய்ப்பதற்கு முன்னால் தங்கள் தலைக்குள்ளேயும் ஒருமுறை ஈரத்துணி போடட்டும். அங்கே இருப்பது தேய்த்தால் போகிற கறைதான்.