தயிர் தொடாதவர்

"ஏன்ப்பா, முகமே சரியில்லை? வயித்தை ஏதாவது பண்றதா?"

நியூ டவுன் ஆராய்ச்சிக்கூடத்தின் அரங்கு வாசலில் மகள் ரோஹிணி கேட்டதும் சந்தானம் அவளை ஓரமாக இழுத்தார். வயிற்றுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவள் இப்போது பேசப்போகிறாள். பேச்சு எடுபட்டால்தான் அவளுடைய ஆய்வு அடுத்த வருஷமும் நடக்கும்.

"ரோஹிணி, உங்கிட்ட ஒரு விஷயம்..."

"எனக்கு பதிலா நீ படபடக்கறியா? போய் முன்வரிசையில உக்காருப்பா."

ஆய்வுக்குச் சம்மதித்தவர்கள் எல்லாரும் பாலிகஞ்ச்சில் அவர்கள் இருக்கும் அடுக்ககத்துத் தமிழர்கள். ஒரு கோஷ்டிக்கு ஆய்வுக்கூடமே தினம் கிண்ணத்தில் தயிர் அனுப்பியது. இன்னொரு கோஷ்டி ஒரு மாதம் தயிரைத் தொடவே கூடாது. சந்தானம் தொடக்கூடாத கோஷ்டி. இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். பிறகு மாடிவீட்டு விஜயலட்சுமி மாமியிடம் போய்ச் சரணடைந்துவிட்டார். ரோஹிணிக்கு அது தெரியாது.

திரையில் முடிவு வந்தது. தயிரை விட்டவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம், மன அமைதி. தயிர் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சல், சிடுசிடுப்பு.

காலையில் புற்றுநோய் உயிரியல் பற்றிப் பேசிய டாக்டர் ரமேஷ்பாபு எழுந்தார். "எல்லாரும் சொல்றதுக்கு நேர்மாறா இருக்கே. நிஜமாவே தயிர் சாப்பிடலையா அவங்க?"

வேண்டாம், வேண்டாம் என்று மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார் சந்தானம்.

"இதோ, எங்க அப்பாவே சொல்லத் துடிக்கறார்," என்றாள் ரோஹிணி.

"போலுன், காக்கு," என்று ஒரு வங்காளிப் பெண் மைக்கை நீட்டிச் சொல்லச் சொன்னாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மகளின் முகத்தில் அத்தனை பெருமை.

"வாசனைகூடப் பார்க்கலை," என்றார் சந்தானம்.

கைதட்டல்.

"அப்படின்னா சரி. எங்க ஆஸ்பத்திரியில நாளைக்கே நோயாளிகளுக்குத் தயிரை நிறுத்திப் பார்க்கலாம்," என்றார் ரமேஷ்பாபு.

சந்தானம் மறுபடி மைக்கை இழுத்துக்கொண்டார். "வேண்டாம் சார். பாவம், அவா சாப்பிடட்டும். நான் சாப்பிட்டேன். தினமும் சாப்பிட்டேன்."

"நானும்தான்," என்றார் பக்கத்தில் இருந்த சீதாராமன், அவரும் தொடக்கூடாத கோஷ்டி. "நானும்," "நானும்," என்று முன்வரிசையில் இருந்த அந்தக் கோஷ்டியே ஒவ்வொருவராக எழுந்து நின்றது.

ரோஹிணி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் தயிர் சாப்பிட்டேள்னா, இந்த முடிவுக்கு என்னதான்ப்பா அர்த்தம்?"

தயிர்க் கோஷ்டி உட்கார்ந்திருந்த பின்வரிசையில் விஜயலட்சுமி மாமி புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கோஷ்டி பேரை மட்டும் மாத்திப் போட்டுடு, ரோஹிணி. வெறும் ரசம் சாதத்தோட எழுந்து போற மனுஷாளைப் பார்த்துண்டு எங்களுக்கு எப்படிடீ தொண்டையில இறங்கும்? நீ அனுப்பின கிண்ணம் அத்தனையும் இவாளுக்குத்தான் போச்சு, மாசம் பூரா தயிரில்லாம கிடந்தது நாங்கதான்."