வலது கன்னத்துக்கு இரண்டாம் நம்பர்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

என் தங்கை மகனும் வருங்கால மருமகனுமான அர்பாஸுக்கு, மாமன் சாந்த் பாஷா ஸலாம் சொல்லி எழுதுவது. ஐதராபாத்தில் நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே என் இடது கன்னம் நலம். வலது கன்னத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ரமலானுக்கு வந்தபோது என் முகத்தில் மங்கு, அந்தக் கறுந்திட்டு, இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு பெப்டைடு சீசாவைக் கையில் கொடுத்து என்ன சொன்னாய்? "மாமு, பெப்டைடுன்னா புரதத்தோட சின்னத் துண்டுதான், பயப்படாதீங்க. ஒண்ணாம் நம்பர்ல செம்பு இருக்குது, அதான் நீலமா இருக்கு. தோலைச் சீர் பண்ணும். ரெண்டாம் நம்பர், கறுப்பைக் கம்மி பண்ணுனு தோலுக்கே உத்தரவு போடும். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு. எட்டு வாரம் பூசி, எது தேவலைனு எழுதி வைங்க" என்றாய். நானும் விஞ்ஞானத்துக்கு முகத்தைக் கொடுத்தேன். உத்தரவாம் உத்தரவு! எந்த மொழியில் போட்டதோ, தோல் நேர்மாறாகக் கேட்டுக்கொண்டது. இடது கன்னம் தெளிந்துவிட்டது, வலது கன்னம் தோசைக்கல்லாகிவிட்டது.

நீ சீசா கொடுத்த வாரமே டிரைவர் வேணு வேலையை விட்டு நின்றுவிட்டதால், நம் மளிகை வேனை நானேதான் ஓட்டுகிறேன். காலையில் கீழ்பென்னாத்தூருக்குச் சரக்கு, மூன்று மணிக்கு மேல் திரும்புவது. டீக்கடை சகாதேவன், "இன்னா பாய், ஒரு பக்கம் மட்டும் தீஞ்சிடுச்சு?" என்கிறான். கீழ்பென்னாத்தூர் கடைக்காரப் பச்சையம்மாள் ஒருபடி மேலே போய், "காலைல சரக்கு எறக்கினவரு வேற பாய், இவரு வேற" என்று கையெழுத்துப் போட மறுக்கிறாள். சீசாக்களோடு மூன்றாவதாக நீ கொடுத்த டியூபை, அந்த சன்ஸ்கிரீனை, நான் திறக்கவே இல்லை. அது வெயிலில் நிற்பவனுக்கு. நான் கூரைக்குக் கீழே சீட்டில் உட்கார்ந்திருப்பவன். ஆகவே பழி முழுக்க உன் இரண்டாம் நம்பர் மேல்தான்.

அடுத்த மாதம் நிக்காஹ். எனக்கு இருப்பது ஒரே மகள். சதஃப் பக்கத்தில் இந்த முகத்தோடு போட்டோவுக்கு நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே கண் கலங்குகிறது. மாமன் முகத்தைக் கெடுத்தவன் என் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வான்? தேதியை நிறுத்திவைக்கச் சொல்லி நாளை ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். "என்னங்க, ஒரு கன்னத்துக்காகவா கல்யாணத்த நிறுத்துவாங்க?" என்று உன் மாமி ரஹமத்துன்னிசா அழுகிறாள். சதஃப் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

உனக்கு நீண்ட ஆயுளையும், உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு நல்ல புத்தியையும் அல்லாஹ் தரட்டும். தங்கைக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
பாதி முகத்தோடு,
சாந்த் பாஷா.

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது சதஃப் வேனில் வந்து ஏறினாள். என் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். ஜன்னலோரம் இருக்கும் வலது கை மட்டும் கறுத்திருந்தது. "அப்பா, இந்தக் கைக்கு எந்த நம்பர் பூசினீங்க?" என்றாள். கீழ்பென்னாத்தூர் இருப்பது வடகிழக்கே. காலையில் போகும்போதும் வெயில் என் வலது ஜன்னலில்தான், சாயங்காலம் திரும்பும்போதும் வலது ஜன்னலில்தான். உன் இரண்டாம் நம்பர், பாவம், எட்டு வாரமாகச் சூரியனோடு தனியாக மல்லுக்கட்டியிருக்கிறது. ஜமாஅத்துக்குப் போகவில்லை. பேசிய தேதிக்கே வந்து சேர். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் கடிதத்தை அனுப்புகிறேன். போட்டோவில் இடது கன்னத்தை கேமராவுக்குக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறாள் சதஃப். கறுத்த கன்னம் அவள் பக்கம் இருக்கட்டுமாம்.