நான் போடாத ஏழாவது ஓட்டு

எல்ம் ரிட்ஜ், மின்னசோட்டா
மே 4, சனிக்கிழமை

என் பாசத்துக்குரிய அக்கா வெர்னாவுக்கு உன் தங்கை ஆர்டிஸ் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் ஆர்லினும் உடல் சுகமாக இருக்கிறோம். உடல் என்று மட்டும்தான் எழுத முடிகிறது. அரிசோனா வெயிலில், ஆபரேஷனில் மாற்றிய உன் முழங்காலின் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடந்த திங்கள் மாலை ஏழு மணிக்குப் பள்ளி நூலகத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். ஆளை விட்டுவிட்டுக் கதை சொன்னாள் என்று பிறகு ஒரு பேச்சு வரக் கூடாது. பள்ளி வாரிய உறுப்பினர் ஏழு பேரும் இருந்தார்கள்: தலைவர் வெண்டல், பால்பண்ணை ஹார்லன், பல் டாக்டர், பெட்ரோல் பங்க்காரர், பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் தாய்மார் இருவர், உன் பழைய நாற்காலியில் நான். மாவட்டக் கண்காணிப்பாளர் பிராட்லி. குறிப்பெழுதும் டோனா. மேசை நடுவில் ஒரு தொலைபேசி, அதற்குள் வக்கீல். சுவரோரமாக வாசிப்பு ஆசிரியை மிஸ் ஹேகன். எதிரே பொதுமக்கள் பதினாலு பேர். அதில் பதினொன்று ஸ்கோர் போர்டுக்காக வந்தவர்கள், ரூத்தி என்கிற எட்டு வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் மிஸ் ஹேகனுக்காக வந்தவர்கள், என் வீட்டுக்காரர் ஆர்லின் எனக்காக வந்தவர். மொத்தம் இருபத்து நாலு, வக்கீலையும் ஆள் என்று சேர்த்தால் இருபத்தைந்து.

ஜனவரியில் நீ ஊரைவிட்டுப் போகும்போது வெண்டலிடம் என் பெயரைச் சொன்னாயே, அன்றே நான் வேண்டாம் என்றேன். பத்தாம் வகுப்பைக்கூடத் தாண்டாதவள், சபைப் பெண்கள் சங்கத்துக் கணக்கு எழுதத் தெரிந்தால் போதுமா, ஒரு பள்ளி மாவட்டத்தையே நடத்திவிட முடியுமா என்று கேட்டேன். "கையேடு குடுப்பாங்க, படிச்சுக்கோ" என்றாய். படித்தேன் அக்கா. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் தடவை சும்மா, இரண்டாம் தடவை பென்சிலோடு, மூன்றாம் தடவை அகராதியோடு. மற்ற ஆறு பேரில் ஒருவராவது அதைத் திறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நானும் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது.

விஷயம் இதுதான். வான்கோழித் தொழிற்சாலை மூடியதும் இருபத்து மூன்று பிள்ளைகள் பெற்றோரோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று தருவது உனக்குத் தெரியாதா, தலைகள் போனதும் பணமும் போனது. நவம்பரில் கூடுதல் சொத்து வரி கேட்டு வைத்த வாக்கெடுப்பிலும் அறுபத்தொரு ஓட்டில் தோற்றோம். ஆகவே பிராட்லி அடுத்த வருட பட்ஜெட்டில் மிஸ் ஹேகனின் இடத்தை எடுத்துவிட்டார். சேமிப்பு நிதியிலிருந்து எடுத்தாவது அந்த இடத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாய்மார் இருவரும் தீர்மானம் கொண்டுவருவதாக இருந்தது. நாலு ஓட்டு வேண்டும். நான் அன்றிலிருந்து ஜெபத்தில் இறங்கினேன். சபையின் ஜெபச் சங்கிலியிலும் சொன்னேன். நான் லோயிஸைக் கூப்பிட, லோயிஸ் அடுத்தவளைக் கூப்பிட, பதினெட்டு வீடு சுற்றி என் வீட்டுத் தொலைபேசியே மறுபடி அடித்து, மிஸ் ஹேகனுக்காக ஜெபி என்று எனக்கே சொன்னார்கள். நாலு வாரம், பாத்திரம் கழுவும்போதெல்லாம், தெளிவாக, எண்ணிக்கையோடு கேட்டேன்: ஆண்டவரே, அந்த ஏழு பேரில் நாலு பேருடைய மனதைத் திருப்பும். அந்த ஏழில் நானும் ஒருத்தி என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கூட்டம் தொடங்கி, சின்ன விஷயங்கள் இரண்டு முடிந்ததும் ஸ்கோர் போர்டு வந்தது. மைதானத்துப் பழைய ஸ்கோர் போர்டில் எட்டு முழுதாக எரிவதில்லை, எட்டுப் புள்ளி எடுத்தால் ஆறு மாதிரி தெரிகிறது, பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான். புதியது வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நீலமா கறுப்பா என்பதில்தான் சண்டை. ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். பெட்ரோல் பங்க்காரர் எழுந்து நின்று, "என் அப்பா நீலச் சட்டை போட்டு ஆடினவர்யா!" என்று கண்கலங்கினார். பல் டாக்டர், "உங்கப்பா எங்க ஆடினார், பெஞ்சுல உக்காந்திருந்தார்" என்றார். பிறகு அதை அமைதிப்படுத்தவே கால் மணி. நான் பிராட்லியிடம், இந்தப் பணத்தில் மிஸ் ஹேகனுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "அது கட்டடத்துக்குன்னு பத்திரம் வித்து வாங்கின கடன் பணம், மிசஸ் டாலெஃப்சன். அதுல சம்பளம் குடுத்தா சட்டப்படி தப்பு" என்றார். என் வீட்டிலும் பணம் பிரித்து வைக்கும் உறைகள் உண்டு, காணிக்கை உறை, மளிகை உறை, திரைச்சீலை உறை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றபோது திரைச்சீலை உறையில் கைவைத்தேனே தவிர, ஜன்னலுக்கு என்று வைத்தது ஜன்னலுக்கே என்று உட்கார்ந்திருக்கவில்லை என்றேன். "உங்க வீட்டுக்கு மாநிலத்திலிருந்து தணிக்கைக்காரர் வர்றதில்லையே" என்றார். கறுப்பு ஜெயித்தது.

பிறகு பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ரூத்தி எழுந்து வந்தாள். போன வருஷம் இந்தப் பெண் சபையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மைக் எட்டவில்லை, டோனா இறக்கிக் கொடுத்தாள். "நான் இப்ப படிப்பேன்" என்றாள். வெண்டல், "படிச்சுக் காட்டு கண்ணு, என்ன கொண்டுவந்திருக்கே?" என்றார். ஒன்றும் கொண்டுவரவில்லை. புத்தகத்தைக் காரிலேயே விட்டுவிட்டாளாம். சுற்றுமுற்றும் பார்த்து, மேசையிலிருந்த கூட்ட நிரலை எடுத்து, விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். எண் ஒன்று, போன கூட்டத்துக் குறிப்பை ஏற்றல். எண் இரண்டு, பேருந்து டயர். எண் மூன்று, ஸ்கோர் போர்டு. யாரும் தடுக்கவில்லை, தடுக்க மனம் வரவில்லை. எண் ஒன்பதுக்கு வந்தாள். "வாசிப்பு... ஆசிரியர்... பணி... இடம்..." கடைசிச் சொல்லில் நின்றுவிட்டாள். மிஸ் ஹேகன் சுவரோரமிருந்து, பழக்கதோஷம், "பிரிச்சுப் படி செல்லம்" என்றார். "நீ-க்-கம்" என்று ரூத்தி சரியாகப் படித்தாள். மூன்று நிமிஷ மணி அடித்தது. எனக்கு அங்கேயே மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஹார்லன் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார். "மாநிலம் அனுப்பின தாளை நானும் பாத்தேன். மூணாம் வகுப்புல நூத்துக்கு நாப்பத்து நாலு பேர்தான் ஒழுங்கா படிக்கறான். என் கொட்டகையில நூறு மாட்டுல நாப்பத்து நாலுதான் கறக்குதுன்னா நான் பண்ணையையே வித்திருப்பேன்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அது முப்பத்தொண்ணு, ஹார்லன்" என்றார் மிஸ் ஹேகன், குரலை உயர்த்தாமல்.

"மாடு அவ்வளவு மெதுவா கறந்தாலும் விப்பேன்" என்றார் ஹார்லன். ஸ்கோர் போர்டுக்காரர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வாக்கெடுப்பு வந்தது. டோனா குடும்பப் பெயர் வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வேண்டும், வேண்டாம், வேண்டும், வேண்டாம், வேண்டாம் என்றார் ஹார்லன், வேண்டும். மூன்றுக்கு மூன்று. நான் டாலெஃப்சன், T எழுத்து, எப்போதும் கடைசி. "மிசஸ் டாலெஃப்சன்?"

அக்கா, அந்த நேரத்தில் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம் என் கண்முன் வந்து நின்றது. ஒரு பொருளில் உறுப்பினருக்குத் தனிப்பட்ட ஈடுபாடு இருந்தால் அவர் அதை அறிவித்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நாலு வாரம் ஒரே முடிவைக் கேட்டு மன்றாடியவளுக்கு இல்லாத ஈடுபாடா? மனுவும் நான் போட்டு, தீர்ப்பும் நானே எழுதுவதா? எழுந்து நின்று, "நான் ஒதுங்கிக்கறேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் வெண்டல்.

"எனக்கு இதுல சொந்த ஈடுபாடு இருக்கு."

"மிஸ் ஹேகன் உங்க சொந்தமா?"

"இல்லை."

"பணம், காசு, வாடகை ஏதாவது?"

"இல்லை. ஜெபம் பண்ணியிருக்கேன்."

"என்ன பண்ணியிருக்காங்க?" என்றது தொலைபேசி. "லைன்ல விழலை."

"ஜெபம்!" என்று வெண்டல் தொலைபேசியிடம் குனிந்து கத்தினார்.

வக்கீல், "ஜெபத்தைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை. அவங்க தாராளமா ஓட்டுப் போடலாம்" என்றார். நான் கையேட்டை எடுத்து, 'தனிப்பட்ட ஈடுபாடு' என்பதோடு விதி நிற்கிறது, பண ஈடுபாடு என்று எங்கேயும் சொல்லவில்லை என்று வாசித்துக் காட்டினேன். வக்கீல் அந்தப் பக்கத்தைத் தேடுவது தொலைபேசியில் கேட்டது. "அவங்களா ஒதுங்கினா நாம தடுக்க முடியாது" என்றார் கடைசியில். மூன்றுக்கு மூன்று, தீர்மானம் விழுந்தது. வெண்டல் சுத்தியலைத் தட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்ட நாலாவது மனம் என் நெஞ்சுக்குள்ளேயே, திரும்பிய நிலையில், சும்மா உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். "பொருள் பத்து, கூரை ஒழுகல்" என்றார் வெண்டல்.

ரூத்தி அவள் அம்மாவிடம், "மூணும் மூணும் சமம்தானே? அப்ப நாம தோக்கலையே?" என்று கேட்டது அந்த அறை முழுக்கக் கேட்டது. மிஸ் ஹேகன் கோட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, "பரவாயில்லை, ஆர்டிஸ்" என்றார். திட்டியிருக்கலாம். வண்டியை ஆர்லின் ஊர்க்கோடித் தானியக் கிடங்கு தாண்டும்வரை ஓட்டினார். பிறகு, "ஏழு பேர்ல நீ ஒருத்திதான் கடவுள்கிட்ட பேசிட்டு வந்தவ. நீ ஒருத்திதான் ஒண்ணும் சொல்லலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, கூட்டத்துக்குக் கொண்டுபோன எலுமிச்சைக் கேக்கில் மிச்சமிருந்ததை நின்றபடியே இரண்டு பேரும் தின்றோம்.

ஆறு நாளாக யோசித்துவிட்டேன். நேர்மை நேர்மை என்று என் கை சுத்தமாக இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கை எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பாய். பதினாலு வருஷம் நீ காப்பாற்றிய நாற்காலியில் நாலே மாதத்தில் இதைச் செய்துவிட்டேன். ஆகவே வாரியத்திலிருந்து விலகுகிறேன். வெண்டலுக்கு எழுதிய விலகல் கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள், ஆனால் என்னைத் தடுக்காதே.

உன் வீட்டின்மேலும், உன் பிள்ளைகள்மேலும், அந்தப் புது முழங்கால்மேலும் ஆண்டவருடைய சமாதானம் தங்கட்டும். ஆர்லின் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அன்புத் தங்கை,
ஆர்டிஸ்

பி.கு. ஞாயிறு மாலை. மேலே விலகுகிறேன் என்று எழுதியதைப் படிக்காதே. நகலைக் கிழித்துப் போட்டுவிடு. நான் அசலைக் கிழித்துவிட்டேன். ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் ஹார்லன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. உள்ளேகூட வரவில்லை. "ஏம்மா ஆர்டிஸ், என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வரி கூடாது, செலவு கூடாதுன்னு சொல்லித்தான் எங்க ரோட்டுப் பண்ணைக்காரனுங்க எனக்கு ஓட்டுப் போட்டானுங்க. நான் வேண்டாம்னுதான் சொல்லியாகணும். நீ எப்படியும் வேணும்னு சொல்லிடுவேன்னு நம்பித்தான்மா நான் தைரியமா வேண்டாம்னேன்! என் பேத்தியும் அந்தம்மாகிட்டதான் படிக்கறா." வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு ஜெயித்தவர்தான் அதை மறுபடி எடுக்கச் சொல்ல முடியுமாம், ஓட்டே போடாத நான் வாயைத் திறக்க முடியாது. (கையேட்டில் பார்த்தேன், எண்பத்தேழாம் பக்கம், உண்மைதான்.) வெண்டலிடம் சொல்லி வியாழன் மாலை ஏழு மணிக்குச் சிறப்புக் கூட்டம் போட வைத்திருக்கிறார். "அப்போ நீங்க வேணும்னு சொல்வீங்களா?" என்றேன். "மறுபடி வேண்டாம்னுதான் சொல்லுவேன். மானம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். ஆக நாலாவது ஓட்டு நானேதான்.

மிஸ் ஹேகனுக்கு நாற்பது மைல் தள்ளி இன்னொரு மாவட்டத்திலிருந்து வேலை ஒப்பந்தத் தாள் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். மத்தியானமே அவர் வீட்டுக்குப் போய், வியாழன்வரை பொறுங்கள் என்றேன். "எத்தனை ஓட்டு உறுதி?" என்று கேட்டார். மூன்று உறுதி, நாலாவது நான் என்றேன். "நீங்க உறுதியா, ஆர்டிஸ்?" என்றார். கேட்டது நியாயம்தான். உறுதி என்றேன்.

அக்கா, வேண்டும் என்று சொல்லத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் திங்கள் இரவிலிருந்து மிஸ் ஹேகனுக்காக நான் ஒரு தடவைகூட ஜெபிக்கவில்லை, பயம். ஜெபிக்காமல் சொன்னால் என் சொந்த பலத்தில் சொன்னதாகும். ஜெபித்தால் நாற்பத்தோராம் பக்கம் வந்து நிற்கும். நீ பதினாலு வருஷம் ஜெபம், ஓட்டு இரண்டையும் செய்தாயா, இல்லையா? இது ஒன்றை மட்டும் சொல். நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன், கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். வியாழன் மாலை ஏழு மணிக்குள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பதில் சொல்.