சேறில்லாமல் வந்த சேற்றுப்புண்

"சேத்துப்புண்ணு சேத்துல எறங்கறவனுக்குத்தான் வரும். ஷூ போட்டவனுக்கு எப்படி வரும்?"

கதவு நிலையில் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார் எங்கப்பா பச்சியப்பன். பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை போடுகிறவர். விடிந்ததும் ஷூவுக்குள் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுவார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. நடையில் நொண்டல் வேறு.

"நாளெல்லாம் ஷூக்குள்ள ஊறுதே, அது சேறில்லாம பன்னீருங்களா?" என்றார் அம்மா மணிமேகலை. "சர்க்கரை இருக்கற ஒடம்பு. வுட்டா காலுக்கே ஆபத்துங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"புண்ணே இல்லங்கறேன், மருந்து எதுக்கு?"

அம்மா பேச்சை நிறுத்தினார். எனக்குக் குஷி. அம்மா பேச்சை நிறுத்தினால் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் பீரோவுக்குள் ஒரு களிம்பு டியூப் குடியேறியது. அப்பா காதில் விழும்படி, தன் தங்கை ராதிகாவுக்கு அம்மா போன் போட்டார்.

"என் பித்தவெடிப்புக்குடி. காலக் கழுவி, வெரல் சந்துல ஈரமில்லாம தொடச்சுட்டுத் தடவணுமாம். தனித் துண்டு, பருத்தி சாக்ஸு. அரிப்பு நின்னாலும் நிறுத்தக் கூடாதாம். வெல ஜாஸ்திடி. எங்க வூட்டுக்காரர் கண்ல மட்டும் படக் கூடாது."

பித்தவெடிப்பு குதிகாலில் அல்லவா வரும், விரல் சந்து எங்கே வந்தது? அப்பா யோசிக்கவில்லை. ஒளித்து வைத்த பொருள் என்றால் அவருக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும்.

அன்றிலிருந்து தினம் திருட்டு. கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் விரல் விரலாகத் துடைத்துத் தடவினார். சாக்ஸ் மாறியது. ஷூ வெயில் காய்ந்தது. அரிப்பு நின்றது, அப்பா நிற்கவில்லை. "ஓசிக் களிம்பு, வுடுவனா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"டியூபு தானா எளைக்குதே, எலி கிலி திங்குதா?" என்று அம்மா அவர் காதுபடப் புலம்பினார். அம்மாவின் அந்த அப்பாவி முகத்தைக் கண்ணாடி முன் நானும் நடித்துப் பார்த்தேன். வரவே இல்லை. ஊரில் மற்ற எல்லார் முகமும் எனக்கு நடிக்க வரும்.

டியூப் தட்டையான அன்று அப்பா காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மேகல, ஒன் மருந்த முழுசா முடிச்சது நான்தான். பாரு. டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அம்மா குனிந்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"நல்லா ஆறிருச்சுங்க. டாக்டருதான் ஒருதடவ நேர்ல பாக்கணும்னாரு."

"எந்த டாக்டரு?"

"அந்தக் களிம்பு வாங்கறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம நீங்க கொறட்ட வுடறப்ப ஒங்க காலப் போட்டோ புடிச்சுக் காட்டுனேனே, அவருதான்."