ஏழாம் கட்டத்துத் தவளை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டே விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேவேந்திரன் அறிவித்தார்.

"அவன் வூட்டு வாசப்படிய இந்த ஜென்மத்துல நான் மிதிக்கிறதா இல்ல."

'அவன்' என்பது கைலாசம். மனைவி இந்திராணியின் தம்பி. முசரவாக்கத்தில் புது வீடு கட்டியிருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம்.

தேவேந்திரனின் கோபத்துக்கு மூன்று வயது. கைலாசம் தன் மகளுக்குக் காது குத்தியபோது, சொந்தபந்தங்கள் இருபத்திரண்டு பேரின் படத்தைப் போட்டு தெருவை அடைத்து ஒரு பேனர் வைத்தான். தேவேந்திரனுக்குக் கிடைத்தது இடது பக்கக் கீழ் மூலை. பேனரைக் கட்டுவதற்கு ஓட்டை போடும் இடமும் அதுதான். ஓட்டை சரியாக அவர் மூக்கில் விழுந்தது. அதற்குள் நீல நைலான் கயிற்றை நுழைத்து விளக்குக் கம்பத்தோடு இழுத்துக் கட்டிவிட்டார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"காதுகுத்துன்னு கூப்ட்டு எனக்கு மூக்கு குத்திட்டான். மூக்கணாங்கயிறும் போட்டுட்டான்" என்று அன்று பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான். முசரவாக்கம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அறிவிப்பைக் கேட்டு இந்திராணி பொங்கி எழுவாள் என்று எதிர்பார்த்தார். பதிலுக்குப் பதில் பேச நாலு வசனமும் தயாராக வைத்திருந்தார். அவள் நிமிரவே இல்லை. போனில் ஒரு தவளையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அகிலா, போன தடவை வந்தபோது இரண்டு பேர் போனிலும் ஏற்றிவிட்டுப் போன ஆட்டம் அது. தலையில் கிரீடம் வைத்த தவளை ஒன்று இடமிருந்து வலமாக ஓடும். குழி வரும், முள் வரும், உருண்டுகொண்டு பாறை வரும். இடது கட்டைவிரலால் ஓட்டவும் குனியவைக்கவும் வேண்டும், வலது கட்டைவிரலால் தாவவைக்க வேண்டும். அவ்வளவுதான். தேவேந்திரன் அதைத் தொட்டதே இல்லை.

"நான் பேசிக்கினே இருக்குறேன். நீ இன்னா தவளை மேய்ச்சிக்கினு இருக்குற?"

"முப்பத்தொண்ணாங் கட்டம்பா. கண்ண எடுத்தா செத்துடும்."

"கொழந்தைங்க ஆட்டம். இத ஆட ஒரு மூள வேணுமா?"

இந்திராணி ஆட்டத்தை நிறுத்தினாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படியா? ஞாயித்துக்கெழம கெளம்பறதுக்குள்ள ஏழாங் கட்டம் தாண்டுங்க. தாண்டிட்டா நீங்க வரவேணாம். நானே கைலாசத்துக்கிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன். தாண்டலன்னா பட்டுவேட்டி கட்டிக்கினு மொத ஆளா வந்து நிக்கணும். சம்மதமா?"

"ஏழுதானா? பத்து வெச்சிக்கோ!"

"ஏழே போதும்" என்றாள் இந்திராணி, பெருந்தன்மையாக.

முப்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்து கை ஒன்று செய்ய, கால் ஒன்று செய்ய, கண் ஒன்று பார்க்கப் பட்டு நெய்தவர் தேவேந்திரன். இரண்டு கட்டைவிரல் வேலை எம்மாத்திரம்? செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

தவளை நாலடி ஓடி முதல் குழியில் விழுந்து செத்தது.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி செத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுபது தவளைகளைக் கொன்றிருந்தார். எல்லாம் ஒரே குழியில்.

செத்துப்போவதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். செத்ததும் அது கண்ணைச் சிமிட்டி "க்ரோக்" என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் சமையலறைவரை கேட்கும். உடனே அங்கிருந்து நேர்முக வர்ணனை வரும்.

"முன்னாடியே தாவிட்டீங்க."

"க்ரோக்."

"இப்ப லேட்டு."

"க்ரோக்."

"பட்டன அமுக்கிப் புடிச்சா ஒசரமா தாவும். தட்டி உட்டா குட்டியா தாவும். நீங்க குத்துறீங்க. அது இன்னா அழைப்பு மணியா?"

"நீ கீரையப் பாரு!" என்று கத்தினார் தேவேந்திரன். ஆனால் அடுத்த தடவை அமுக்கிப் பிடித்தார். குழி தாண்டியது. மனைவி சொல்லித் தாண்டியதில் மகிழ்ச்சியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் கட்டம். புதன்கிழமை ஆறு. ஆட்டம் அவர் உடம்பில் ஏறிவிட்டது. காந்தி ரோட்டில் நடந்தால் வேகத்தடையைத் தாவிக் கடந்தார். தறியில் உட்கார்ந்தால் முந்தானை அன்னப்பட்சியைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். ஆறாம் கட்டத்தில் ஒரு பறவை இறங்கித் தலையில் கொத்தும்.

ஏழாம் கட்டம் வேறு ரகம். வரிசையாகக் குழிகள், நடுவில் மிதக்கும் பலகைகள், கடைசியில் திறந்து திறந்து மூடும் ஒரு கதவு. வியாழன் முழுக்க அங்கேயே செத்தார். போனைத் தலையணை மேல் எறிந்தார். தரையில் எறிய மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் ஞானம் பிறந்தது. பாறை இஷ்டத்துக்கு உருளவில்லை, பறவை நினைத்தபோது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாம் அதே வரிசையில், அதே இடைவெளியில் வருகின்றன. புடவைக் கரையில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருவது மாதிரி! தேவேந்திரன் பென்சிலைத் தேடி எடுத்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்: ரெண்டு குழி, ஒரு பாறை, சின்னத் தாவல், பெரிய தாவல், பறவை, குனி, பலகை. அதை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். சனிக்கிழமை மாலைக்குள் மூன்று முறை கடைசிக் கதவுவரை போய்விட்டார். மூன்று முறையும் கதவு அவர் மூஞ்சியில் மூடியது.

"அவசரப்படறீங்க. நின்னு, பாத்து, போங்க" என்றாள் இந்திராணி.

"உன்ன யாரு கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனோடு உட்கார்ந்தார். ஏழரைக்கெல்லாம் இந்திராணி தலை நிறையப் பூவும் அரக்குநிறப் பட்டுமாக நின்றாள். சீர்த்தட்டுகள் வரிசையாகத் தயாராக இருந்தன.

"ஒம்பதர மணிக்கு முகூர்த்தம். எட்டு மணிக்கு நான் கெளம்பறேன். இன்னும் அர மணி இருக்குது. தலைக்கு ரெண்டு சொம்பு ஊத்திக்கினு வந்து ஆடுங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

அது நியாயமாகப் பட்டது. குளித்துவிட்டு வந்தார். கொடியில் பட்டுவேட்டி மட்டும் தொங்கியது.

"எங்க என் மத்த வேட்டியெல்லாம்?"

"ஊறவெச்சிட்டேன். இப்போதைக்கு இத கட்டுங்க. ஜெயிச்சா அவுத்துப் போட்டுடுங்க."

வாதாட நேரமில்லை. கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரெண்டு குழி, ஒரு பாறை... தலைக்கு மேல் மின்விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது. போனைப் பார்த்தார். நாலு சதவீதம்.

"ஐயோ! சார்ஜ் இல்லியே! இந்திராணி, உன் போனைக் குடு!"

"என்னுதுல முப்பத்தொண்ணாங் கட்டம்தான் வரும். பரவாயில்லியா?"

அந்தக் கட்டத்தில் நெருப்பு கக்கும் மீன் வரும். தேவேந்திரன் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"வாசல்ல யேசுதாஸ் ஆட்டோ நிக்குது. அதுல சார்ஜர் இருக்குது. போய் சொருவிக்கினு ஆடுங்க" என்றாள் இந்திராணி. குரலில் அத்தனை அக்கறை.

தேவேந்திரன் ஓடினார். யேசுதாஸ் பக்கத்து வீட்டுக்காரர். ஒயரை எடுத்துக் கொடுத்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி நின்னா சார்ஜ் ஏறாது சார். ஓடணும்."

"அப்ப ஓட்டுப்பா! பிள்ளையார்பாளையத்தையே ஒரு சுத்து சுத்து!"

"ஒரு சுத்து போதுமா, ரெண்டா?"

"எத்தன வேணா சுத்து. என்கிட்ட பேசாத!"

தட்டுகளோடு இந்திராணி பக்கத்தில் ஏறியதை உணர்ந்தார். "கொஞ்சம் நவுருங்க, தேங்கா உருளுது" என்றாள். நகர்ந்தார். கண்ணை எடுக்கவில்லை. ஆட்டோ தெருவைத் தாண்டியது. தேவேந்திரன் குழியைத் தாண்டினார். ஆட்டோ ஊரைத் தாண்டியது. தேவேந்திரன் பறவைக்குக் குனிந்தார்.

"காத்து நல்லா வருதில்ல?" என்றாள் இந்திராணி.

"ம்."

"வயலு பச்சப்பசேல்னு இருக்குது."

"ம். பேசாத."

இரண்டு முறை செத்தார். மூன்றாவது முறை கடைசிக் கதவுக்கு முன்னால் வந்துவிட்டார். பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. இதுவரை வந்த முதல் பலகையிலேயே குதித்துச் செத்தவர், இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பலகையை விட்டார். கட்டைவிரல் துடித்தது. இரண்டாவதையும் விட்டார். கதவு மூடியது, திறக்க ஆரம்பித்தது. மூன்றாவது பலகை. அமுக்கிப் பிடித்தார். தவளை எழும்பி, பலகையில் கால் வைத்து, கதவு முழுசாகத் திறந்த அந்த நொடியில் உள்ளே போய் விழுந்தது. திரையெல்லாம் பூ மழை.

"தாண்டிட்டேன்!" இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து குதித்தார் தேவேந்திரன். "ஏழு தாண்டிட்டேன்! இனிமே அந்தக் கைலாசம் மூஞ்சியில முழிக்கவேணாம்!"

அவர் தலையில் பன்னீர் விழுந்தது. நாதஸ்வரம் ஓங்கியது. வாழைமரத்துக்குக் கீழே, சந்தனக் கிண்ணத்தோடு, கைலாசத்தின் மூஞ்சி நின்றது. நாதஸ்வரத்தில் அவன் காதில் பாதிதான் விழுந்திருக்க வேண்டும்.

"மாமா!" கிண்ணத்தைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தான். "மூணு வருஷமா வராதவரு, கைய தூக்கிக்கினு ஓடியாறீங்களே! அதுவும் மொத ஆளா!"

கட்டிப்பிடித்துக்கொண்டான். பின்னாலேயே வந்து இறங்கிய, பட்டுவேட்டி கட்டிய சொந்தங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவேந்திரனுக்குத் தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கைலாசத்தின் முதுகில் வைத்தார்.

அவன் அடுத்த ஆளை வரவேற்கப் போனதும் இந்திராணி காதோரம் வந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க. பேச்சு பேச்சுதான். நீங்க வரவேணாம். தாராளமா வூட்டுக்குக் கெளம்புங்க."

"யேசுதாஸ் எங்க?"

"வேற சவாரிக்கு அனுப்பிட்டேன். சாயந்தரம் வருவாரு."

தேவேந்திரன் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஜெயித்த களைப்பு கொஞ்சம், தோற்ற களைப்பு நிறைய. குறைந்தபட்சம் யார்மேலாவது எரிந்துவிழ வேண்டும்போல் இருந்தது.

"எல்லாம் இந்த கரண்ட்காரனுங்களால வந்தது. ஞாயித்துக்கெழம காலையில போயா புடுங்குவானுங்க?"

"அவங்கள ஏன் திட்டுறீங்க?" என்றாள் இந்திராணி, அவர் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டே. "நாள் முழுக்க வூட்ல யாரும் இருக்கமாட்டோமேன்னு நான்தான் மெயின அணைச்சேன்."