ஆறு சக்கரமும் இழுக்கிறது, அண்ணா

அன்பும் மரியாதையும் கலந்த வணக்கத்துடன் பெரியண்ணனுக்குத் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், லாரியும் நலம். உங்கள் ரத்தக்கொதிப்பும் அண்ணியின் முழங்கால் வலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். மட்டுப்படாவிட்டால் இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஏலத்தில் எடுத்த பட்டாளத்து லாரியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு, இவரை மறுபடி உங்கள் பெயிண்ட் கடைக் கல்லாவில் வந்து உட்காரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். நடக்காது அண்ணா. இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனெல்லாம் "மாப்பிள்ளை, சில்லறை இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, மனுஷன் வாயே திறக்காதவராகிவிட்டார். என் புருஷன் இன்னொருவர் கல்லாவைக் காக்கப் பிறந்தவர் இல்லை. அவரை அங்கே திருப்பி அனுப்பச் சொன்னால் நான் லாரிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வேன். எப்படியும் பாதிப் பொழுது அங்கேதான் படுத்திருக்கிறேன்.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல் நாள் இடது பக்கச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தோம், நட்டு அசையவில்லை, ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகி நான் தொங்கினேன், அப்போதும் அசையவில்லை, இவரை ஏறி நின்று குதிக்கச் சொன்னேன், குதித்தார், குழாய் நழுவிப் பழைய ஆயில் வாளிக்குள் போய் உட்கார்ந்தார், எழுந்து துடைத்துக்கொண்டு பாவம் மறுபடியும் குதித்தார். சாயங்காலம் வந்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, இந்த வண்டியில இடது பக்க நட்டெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். காலையிலேர்ந்து நீங்க இறுக்கிட்டு இருக்கீங்க." பிறகு நாலு பேர் சேர்ந்து கழற்றினோம். இனி எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தேன். ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்க இதில் ஒரு லிவர் உண்டு, அதைச் சேற்றில்தான் போடவேண்டும், நான் ஆசையை அடக்க முடியாமல் தார் ரோட்டிலேயே போட்டுவிட்டேன். கடைத்தெருவைத் தொடும்போது ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, லிவரும் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ரிவர்ஸில் போனால் விட்டுக்கொடுக்கும் என்று மெக்கானிக் போனில் சொன்னார். வந்த வழியெல்லாம் ரிவர்ஸிலேயே போனேன். இவர் பின்னால், அதாவது முன்னால், கைதட்டி ஜனங்களை விலக்கிக்கொண்டே ஓடினார். சலூன்காரர் பாதி மழித்த முகத்தோடு ஒருவரை அம்போ என்று விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். "ஏம்மா, நேரா ஓட்டத் தெரியாதா?" "எனக்குத் தெரியும்யா, வண்டிக்குத்தான் தெரியல!" என்றேன். தெருக்கோடியில் லிவர் டொக்கென்று விடுபட்டது.

நேற்றுதான் பரீட்சை. மேட்டில் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் ஏற்றிப் போகும் வேலை, எந்த வண்டி ஏறுகிறதோ அதற்குத்தான். நல்ல மழை, முழங்கால் சேறு. எனக்கு முன்னால் போன இரண்டு லாரியும் பாதியில் சறுக்கித் திரும்பின. நான் லிவரைப் போட்டு, சின்ன கியரில் விட்டேன். ஆறு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து இழுக்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலம் ஏறிவரும் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா. இவர் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார், என்ஜின் சத்தத்தைக் கணக்குப் பார்த்தார் போலிருக்கிறது. உச்சியில் நிறுத்தியபோது கதவுக் கைப்பிடி இவர் கையோடு வந்துவிட்டது, அவ்வளவு உற்சாகம். இன்ஜினியர் வந்து, "நாளைலேர்ந்து வந்துடுங்க. ஓட்டப்போறது யாரு?" என்றார். "இவர் முதலாளி, நான் டிரைவர்" என்றேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

ஆகையால் இரும்புக்காரரை அனுப்பவேண்டாம். கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, உங்கள் பிடிவாதம் இல்லாமல் வளர அத்தையின் ஆசிகள்.

உங்கள் சொல்லை (இந்த ஒன்றைத் தவிர) என்றும் தட்டாத
தங்கை

பின்குறிப்பு: மச்சானுக்கு வணக்கம். கடிதத்தை ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டு அவள் லாரிக்கு அடியில் போய்விட்டாள், அதனால் இதை நான் எழுதுகிறேன். தயவுசெய்து கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துவிடாதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஆடாமல் நிற்கும் நாற்காலி அது. சில்லறை கேட்டால் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. நான் வாய் திறக்காததற்குக் கல்லா காரணமில்லை, வீட்டில் எனக்கு முறை வருவதில்லை, அவ்வளவுதான். லாரியை மட்டும் விற்கச் சொல்லாதீர்கள். அதை ஓட்டும்போது அவள் பாடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானாகத் திரும்ப வந்தால் மனசு விட்டுப்போகும். அதனால் நீங்களே நேரில் வந்து அவள் எதிரில் என்னைக் கூப்பிடுங்கள். நான் இரண்டு தரம் மறுப்பேன். கோபித்துக்கொண்டு போய்விடாமல் மூன்றாவது தரமும் கூப்பிடுங்கள்.