பிளாஸ்டிக் காலில் ரத்தக்கட்டி

அந்தத் தெருவில் நடந்து போகிறவர்களைவிட நொண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முழங்கால் ஆபரேஷன் முடிந்தவர்கள், மாவுக்கட்டுப் பிரித்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பைக்கே இல்லாமல் படியில் விழுந்தவர்கள். எல்லோரும் போனது ஒரே இடத்துக்கு. வியாபாரம் படுத்து மூடிய பழைய செருப்புக்கடை. அங்கேதான் இழுவை ஐயா உட்கார்ந்திருந்தார்.

காலில் உறைந்து கிடக்கிற ரத்தக்கட்டியை வெறும் கையால் வெளியே இழுத்துப் போடுவார் இழுவை ஐயா. கத்தி கிடையாது, தையல் கிடையாது, தழும்பு கிடையாது. படிப்பும் கிடையாது. அதையும் ஜனங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

காசு வாங்க மாட்டார். அந்த விஷயத்தில் தங்கமான மனிதர். காலை மூடுகிற நீலத் துணியை மட்டும் பக்கத்திலிருக்கும் அவருடைய மச்சான் கடையில் வாங்கிவர வேண்டும். ஒருநாள் போர்த்தியது மறுநாளைக்கு ஆகாது. வேறு கடைத் துணி என்றால் கட்டி வராது. வேறு நிறம் என்றாலும் வராது. ரத்தத்துக்கு அவ்வளவு ரசனை.

"உறைஞ்ச ரத்தம் வெளிச்சத்தைக் கண்டா எலும்புக்குள்ள போய்ப் பதுங்கிக்கும்" என்பார் ஐயா. செருப்பு போட்டுப் பார்க்கிறவர்களுக்காகத் தரையோடு சாய்த்து வைத்திருந்த குட்டைக் கண்ணாடிகள்மீதும் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். ரத்தம் தன் முகத்தைப் பார்த்தால் மிரண்டுவிடுமாம். ரத்தத்துக்கு ஏது முகம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் வரிசையில் இடம் போய்விடும்.

அந்த வரிசையில் நான்கு நாளாகத் தவறாமல் நின்றவர்களில் ஒருத்தி அக்கா. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மேல் தட்டிலிருந்து தாள்கட்டு எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அக்கா ஒரு பக்கம் போனாள். முழங்கால் உடைந்து, ஆபரேஷன் ஆகி, இரண்டு வாரம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ஊசி போடுகிற பொறுப்பு தங்கைக்கு. வீட்டில் அவள் பெயர் சின்னவள். செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் வேலை.

ஐந்தாம் நாள் காலையில்தான் சின்னவள் ஊசி டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். நான்கு அதிகமாக இருந்தன.

"நாலு நாளா நீயே போட்டுக்கறேன்னு சொன்னியே, போடலையா?"

"ஐயா வேணாம்னுட்டாரு."

"ஏனாம்?"

"ரத்தத்தைத் தண்ணியாக்கிட்டா அவரு எதைப் பிடிச்சு இழுப்பாரு?"

சின்னவள் டப்பாவை டொக்கென்று மூடினாள். பொய்யிலும் என்ன ஒரு வேலைநேர்த்தி!

அக்காவின் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். ஆபரேஷன் ஆன காலின் கெண்டைச்சதை மற்றதைவிட ஒன்றரை மடங்கு வீங்கி, தோல் பளபளவென்றிருந்தது. தொட்டால் சுட்டது.

"வலிக்குதா?"

"வலிச்சா குணமாகுதுன்னு அர்த்தம்."

"வலிக்கலேன்னா?"

"குணமாயிடுச்சுன்னு அர்த்தம்."

இந்தச் சட்டத்தின்படி உலகத்தில் நோயாளியே கிடையாது. சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எதிர்முனையிலிருந்த நர்ஸ் நீட்டி முழக்கவில்லை. "தேய்க்காதீங்க, அமுக்காதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா மூச்சு நின்னுடும்."

"கேட்டியா அக்கா? கிளம்பு."

"அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? இன்னிக்குக் கடைசிக் கட்டி. எடுத்துட்டு வர்றேன். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் சரி."

இழுத்துப் போகலாம் என்றால் நடக்கிற காரியமில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்தவளைக் கட்டிலோடுதான் வாசல்வரை கொண்டுபோனார்கள்.

"சரி. உனக்கு முன்னாடி நான் ஒரு ஆளை உட்கார வைக்கறேன். அவருக்கு எடுத்தது நிஜம்னா நான் வாயே திறக்கல. பொய்னா அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

"சம்மதம்டி. உன் கண்ணாலயே பாரு."

சின்னவள் கூப்பிட்டது பட்டறை மேஸ்திரியை. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அவரே செய்து அவரே மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் கால். பேன்ட்டும் ஷூவும் போட்டால் மாப்பிள்ளை மாதிரி நடப்பார். பதினைந்து வருஷமாக நொண்டாமல் நடந்து பழகியவருக்கு நொண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. செருப்புக்கடை வாசலில் சின்னவள் காதைக் கடித்தாள்.

"அண்ணே, கால் மாத்தி நொண்டறீங்க."

"அட ஆமா." மேஸ்திரி இடதுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

உள்ளே மேஸ்திரி ஒரு ஸ்டூலில், எதிர் ஸ்டூலில் ஐயா. நீலத் துணியின் ஒரு நுனி மேஸ்திரியின் காலை மூடியிருந்தது, மறு நுனி ஐயாவின் மடியை மூடியிருந்தது. ஐயா காலைத் தொட மாட்டார். தொட்டால் சக்தி பூமிக்குள் இறங்கிவிடும். துணிக்கு மேலே அரை அடி உயரத்தில் கையை அலைய விட்டார்.

"எத்தனை நாளா வலி?"

"இந்தக் கால்ல நான் வலியைப் பார்த்தே பல வருஷம் ஆச்சுங்க."

"மரத்தே போயிருக்கு!" ஐயா கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "என்ன அனல், என்ன அனல்! என் கையே தாங்கல. மூணு கட்டி இருக்கு. ரெண்டு பழசு, ஒண்ணு புதுசு."

"புதுசுமா?" மேஸ்திரிக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

ஐயா துணிக்கு அடியில் கையை விட்டார். முனகினார். கண் செருகியது. "வா... வாடா... வெளிய வா..." சட்டென்று இழுத்தார். எவர்சில்வர் தட்டில் தொப்பென்று விழுந்தது கருஞ்சிவப்பாக ஒன்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா சின்னவளை முழங்கையால் இடித்தாள்.

"கால் லேசாயிடுச்சா?" என்றார் ஐயா.

"எப்பவுமே லேசுதாங்க. பார்த்துப் பார்த்துச் செஞ்சது." மேஸ்திரி பேன்ட்டைச் சுருட்டினார். எதையோ அழுத்தினார். டக்கென்று சத்தம். ஷூவோடு காலைக் கழற்றி ஐயாவின் மடியில் வைத்தார். "மீதி ரெண்டு கட்டி உள்ளதான் இருக்கு. அவசரமில்ல. வீட்ல வச்சு நிதானமா எடுத்துக் குடுங்க."

ஐயா மடியிலிருந்த காலைப் பார்த்தார். கால் ஐயாவைப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று சின்னவள் நினைத்தாள். கூட்டத்தை அவளுக்குத் தெரியவில்லை.

"பார்த்தீங்களா சக்தியை!" மச்சான் வாசலிலிருந்து கத்தினார். "பிளாஸ்டிக்லயே ரத்தம் வரவச்சுட்டாரு ஐயா!"

கைதட்டல் கிளம்பியது. ஒரு பெரியவர் கும்பிட்டார். இன்னொரு ஆள், தன் வீட்டு நாற்காலிக் காலில் எடுக்க முடியுமா என்று விசாரித்தார். ஐயாவுக்கு முகம் மலர்ந்தது. சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா எந்தப் பக்கம் போகப்போகிறாள்?

அக்கா கைதட்டவில்லை. தட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். உள்ளே நான்கு கட்டி. எடுத்த கட்டிகளை ஏழு நாள் ஜன்னலில் வைக்கச் சொல்லி ஐயா கொடுத்தனுப்பியவை. நான்கையும் தட்டில் வரிசையாகக் கொட்டினாள்.

"ஐயா, இதோட வலது ஓரத்துல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு."

"இருக்கட்டும்மா."

"என்னோடது நாலுலயும் அதே இடத்துல அதே பள்ளம் இருக்கு."

"ஒரே வியாதின்னா ஒரே உருவம்தான்."

"நான் இருபது வருஷமா ஜெராக்ஸ் எடுக்கறேன். மெஷின் கண்ணாடியில ஒரு கீறல் இருந்தா ஆயிரம் தாள்லயும் அதே இடத்துல கோடு விழும். இது என் கால்ல வந்ததும் இல்ல, அவர் கால்ல வந்ததும் இல்ல. அஞ்சும் ஒரே அச்சுல வார்த்தது."

மச்சான் மெல்ல வாசலைவிட்டு நகர்ந்தார். சின்னவளுக்கு யோசனை வந்தது. ஐயாவின் ஸ்டூலுக்குப் பக்கத்திலிருந்த குட்டைக் கண்ணாடியின் செய்தித்தாளைச் சரக்கென்று கிழித்தாள். தரையிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்திருந்த கண்ணாடியில் ஐயாவின் ஸ்டூலின் அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. அங்கே ஆணியடித்து மாட்டிய ஒரு டப்பா. டப்பா நிறையச் சிவப்பு ஜெல்லி. எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அதே சின்னப் பள்ளம்.

ரத்தம் மிரளவில்லை. ஐயாதான் மிரண்டார்.

வரிசையிலிருந்தவர்கள் தங்கள் தங்கள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐயா எழுந்தார். அதற்குள் மச்சான் தன் கடை ஷட்டரை இழுத்து மூடியிருந்தார். அந்தக் குடும்பத்தில் நிஜமாகவே இழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்து என்ன நடந்தது என்று பார்க்க அக்கா நிற்கவில்லை. தட்டிலிருந்த ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த பெண், திரையில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினாள். "இதோ, முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக்குழாயில அடைச்சுக்கிட்டு நிக்குது."

"நாலு எடுத்தாங்களேம்மா" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

"அது யாரோடதோ. உங்களோடது இங்கயேதான் இருக்கு. இன்னும் மேல நகரல, நல்லவேளை."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினாள். "போடுங்க. இனிமே சின்னவளே எண்ணிப் போடட்டும். என்னை நம்பி விடாதீங்க."

பல வாரம் கழித்து, வீக்கம் வடிந்த காலோடு அக்கா கடையைத் திறந்தாள். முதல் வேலையாக, பாலிதீன் உறையில் போட்டு வைத்திருந்த ஐந்து ஜெல்லிகளையும் கண்ணாடிமேல் வரிசையாக வைத்துப் பிரதி எடுத்தாள். அடியில் ஒரு சீட்டில் பேனாவால் எழுதி வைத்ததும் சேர்ந்து பதிவானது. சின்னவள் பசையோடு போய்த் தெரு முழுக்க ஒட்டினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"நாலு, என் காலில் எடுத்தது. ஒன்று, பிளாஸ்டிக் காலில் எடுத்தது. எது எதென்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். காலில் கட்டி என்றால் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது. மூளை உறைந்து போயிருந்தால் அதற்கு ஊசி இல்லை. அதை நீங்களேதான் ஓட வைக்க வேண்டும்."